காவலனின் குரலை அவனிடமே கொடுங்கள்

எங்கள் ஊர்க் கலைவிழா ஏற்பாட்டுக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வாசிகசாலைச் சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் படித்தேன். இந்த வருடம் சிறுவர் நாடகப் போட்டியில் எந்தப் பிள்ளையும் மேடையில் பேசக் கூடாது, வசனம் முழுவதையும் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து பென்ட்ரைவில் தர வேண்டும், பிள்ளைகள் அதற்கு வாயசைத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். மைக் இரைச்சல், நேரம் போதாமை, வீடியோவில் குரல் தெளிவாக விழாதது என்று மூன்று காரணமும் சொல்லியிருக்கிறீர்கள். இந்த அறிவித்தல் மட்டும் என்றால் நேரில் வந்து உங்களுடன் பேசியிருப்பேன். போன சனிக்கிழமை ஒத்திகையில் கண்டதற்குப் பிறகு, ஊர் அறிய எழுதுவதுதான் சரி என்று பட்டது.

பேத்தியைக் கூட்டி வரப் போயிருந்தேன். கண்ணகி வழக்குரைக்கும் நாடகம் நடந்துகொண்டிருந்தது. வாயிற்காவலன் வேடம் கட்டிய பிள்ளையின் பெயரை எழுத மாட்டேன். யாரென்று உங்களுக்குத் தெரியும். அவனுக்கு நாலே நாலு வசனம். அவனுக்குத் திக்குவாய் என்பதால், அந்த நாலையும் வேறொரு பிள்ளையைக் கொண்டு பேசுவித்துப் பதிவு செய்திருந்தீர்கள். இவன் ஓடி வந்து பாண்டியன் முன் கும்பிட்டு வாயைத் திறந்தான். சவுண்ட் பெட்டியிலிருந்து இன்னொருவனுடைய குரல் கணீரென்று வந்தது. முதல் தடவை இவனுடைய வாய் பிந்திவிட்டது. அப்போது பெட்டியடியில் நின்றவர், "வாயை மட்டும் அசை தம்பி, சத்தம் வரப்படாது" என்றார். இரண்டாம் தடவை சரியாக அசைத்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவன் இறங்கி வந்து சாமான் மூட்டைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான். கையில் ஈட்டி இருந்தது, விளக்குமாற்றுத் தடிக்கு வெள்ளித்தாள் சுற்றிய ஈட்டி. அந்தத் தாளை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் இருந்து, "வசனம் பாடமா மனே?" என்று கேட்டேன். தலை நிமிராமலே நாலு வசனத்தையும் சொன்னான். இரண்டு இடத்தில் தடக்கியது. நின்றான், மூச்சு வாங்கினான், சொல்லி முடித்தான். ஒரு சொல்லும் தவறவில்லை. அவனுக்கு வசனம் பாடம் இருந்தது. கேட்பதற்கு நமக்குத்தான் பொறுமை இருக்கவில்லை.

நானும் திக்குவாயன். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியாமல் நான் பேசப் பழகியதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்த என் தாய்மாமன். மற்றவர் நான் ஒரு நாளும் நேரில் காணாத சிவாஜி கணேசன்.

எனக்குச் சின்ன வயதிலேயே ககரம் வராது. நாக்கின் அடி மேலே ஒட்டிக்கொண்டு விடவே விடாது. என் பெயரும் ககரத்தில்தான் தொடங்குகிறது. பள்ளியில் இடாப்புக் கூப்பிடும்போது "இருக்கிறேன்" என்று சொல்லலாம், அது வந்துவிடும். ஆனால் யாராவது பெயரைக் கேட்டால் ஓடி ஒளிப்பேன். கடைக்குக் கற்பூரம் வாங்க அனுப்பினால், "சாமிக்குப் பற்ற வைப்பது" என்று சுற்றி வளைத்துக் கேட்பேன். பத்து வயது வரை இப்படித்தான்.

வீரபாண்டிய கட்டபொம்மன் படம் 1959-ல் வந்தது. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் கலியாண வீடு, கோயில் சடங்கு எதுவென்றாலும் தென்னையில் கட்டிய ஒலிபெருக்கியில் அந்த வசன றெக்கோட் ஓடும். எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது அந்தக் குரல் மட்டும்தான். வெள்ளைக்காரன் வரி கேட்கும் கட்டம் வந்ததும் பெடியன்கள் எல்லோரும் ஓடிப் போய் மரத்தடியில் நின்று சேர்ந்து சொல்வோம். அந்தக் கூட்டத்துக்குள் நின்று சொல்லும்போது எனக்குத் திக்கவில்லை. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. பாடும்போதும் பலரோடு சேர்ந்து ஒரே குரலாகப் பேசும்போதும் திக்கு விலகி நிற்கும் என்று படித்தவர்கள் பின்னாளில் சொல்லித்தான் அறிந்தேன்.

ஒரு கலியாண வீட்டில், அந்தக் கட்டத்தின் நடுவில் பற்றரி இறங்கிவிட்டது. ஒலிபெருக்கி சட்டென்று நின்றது. மற்றப் பெடியன்கள் நிறுத்திவிட்டுச் சவுண்ட்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றதால் கவனிக்கவில்லை, சொல்லிக்கொண்டே போனேன். கண்ணைத் திறந்தபோது பந்தலடியில் ஒரு சத்தமும் இல்லை. சமையல் பக்கம் நின்ற பெண்கள் கூட அகப்பையோடு எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கட்டத்தைக் கடைசிச் சொல் வரை, என் சொந்தக் குரலில், தனியாக முடித்திருந்தேன். அம்மா ஓடி வந்து சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்ததும், அவவுடைய கை நடுங்கியதும் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

நீங்கள் கேட்கலாம், "உங்களுக்கும் றெக்கோட்தானே உதவியது?" என்று. உண்மைதான். அந்த றெக்கோட் என் குரலை வெளியே இழுத்தது. உங்களுடைய பென்ட்ரைவோ இந்தப் பிள்ளையின் குரலை உள்ளே தள்ளி மூடுகிறது. நான் எழுத வந்தது இந்த வித்தியாசத்தைத்தான்.

அந்தக் கலியாண வீட்டுக்குப் பிறகு மாமா என்னை விடவில்லை. விடியற்காலையில் வாவிக்கரைக்குக் கூட்டிப் போவார். "அங்கால தோணியில நிக்கிறவனுக்குக் கேக்கச் சொல்லு. கத்தாத. வயித்தில இருந்து எடு" என்பார். கூத்து ஆடும் களரியில் மைக் கிடையாது. வட்டக் களரியைச் சுற்றி விடிய விடிய இருக்கும் சனம் முழுவதற்கும் ஒரு கூத்தனுடைய குரல் கேட்க வேண்டும். அவர் படித்தது அந்தப் படிப்பு. பிறகு ஒரு நாள் என்னை மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய்க் கட்டபொம்மன் படம் காட்டினார். சிவாஜி நடந்து வந்த முதல் காட்சியிலேயே என் தொடையில் தட்டி, "இவன் களரியில நிண்டவன் மனே" என்றார். மாமா சொன்னது எவ்வளவு சரி என்று வளர்ந்த பிறகு அறிந்தேன். சின்ன வயதில் தங்கள் ஊர்ப்பக்கம் ஆடிய கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துத்தான் தனக்கு நடிக்கும் ஆசை வந்தது என்று சிவாஜியே சொல்லியிருக்கிறார். வீட்டை விட்டுப் போய் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடம் முதல் எல்லாம் கட்டியவர். கட்டபொம்மனையும் படமாக்குவதற்கு முன்பே மேடை நாடகமாக நடித்துக்கொண்டிருந்தார். 1960-ல் கெய்ரோவில் ஆசிய ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியது அந்த மேடையில் பழகிய குரல்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் அவருடையதை மிகை நடிப்பு என்கிறார்கள். என் மகனும் சொல்வான். எனக்கு அது பிழையாகப் படவில்லை. கடைசி வரிசையில் நிலத்தில் இருக்கும் கிழவிக்கும் கேட்க வேண்டும், விளங்க வேண்டும் என்று பழகிய உடம்பு அப்படித்தான் அசையும். நம்முடைய வடமோடிக் கூத்தில் ராசா கொலுவுக்கு வருவதைப் பார்த்தவர்களுக்கு சிவாஜியின் நடை ஒரு நாளும் அந்நியமாக இருக்காது.

இன்னொன்றும் அவரிடம் படித்தேன். 1952-ல் வந்த பராசக்தி படத்தை எடுக்கும்போது, ஆள் ஒல்லி, சரிவர மாட்டார், மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் முதலியார் ஒருவர் விடாப்பிடியாக நின்றதால்தான் கணேசன் தப்பினார். உடம்பு தேறிய பிறகு முதலில் எடுத்த சில காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். காட்சியைத் திரும்ப எடுத்தார்களே ஒழிய, ஆளை மாற்றவில்லை. நமது காவலனுக்கு நாம் கொடுக்க வேண்டியதும் அந்த இன்னொரு தடவைதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். 1974-ல் பஸ் நடத்துனராகச் சேர்ந்தேன். மட்டக்களப்பு, கல்முனை வீதி. அந்த வீதியின் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கல்லடி, காத்தான்குடி, கிரான்குளம், குருக்கள்மடம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கோட்டைக்கல்லாறு, கடைசியில் கல்முனை. ககரம் வராதவனுக்கு இப்படி ஒரு வீதி. முதல் நாள் கல்லடிப் பாலம் கடக்கும் வரை எனக்கு வாய் திறக்கவில்லை. இறங்க வேண்டிய ஒரு அம்மா பாலத்துக்கு அப்பால் போய் இறங்கி என்னைத் திட்டிக்கொண்டு நடந்தா. அன்றிரவு மாமாவிடம் போய் வேலை வேண்டாம் என்றேன். அவர் மத்தளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஊரின்ர பேரச் சொல்லு" என்று தாளம் தட்டினார். கல்லடிக்கு ஒரு தட்டு. காத்தான்குடிக்கு இரண்டு. விடியும்வரை கல்முனைக்குப் போய்த் திரும்பினோம். ககரத்துக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு. சிவாஜி ஒரு பெரிய வசனத்துக்கு முன் விடுவாரே, அந்த இடைவெளி. அவர் அதைக் கம்பீரத்துக்கு விட்டார், நான் பிழைப்புக்கு விட்டேன். தாழங்குடாவில் ழகரம், களுதாவளையில் இரண்டு ளகரம். பிரித்துச் சொல்லப் பழகியதும் அவரைக் கேட்டுத்தான். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெயர்களைச் சத்தமாகச் சொன்னேன். உங்களில் சிலர் அந்தப் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனீர்கள்.

யுத்த காலத்தில் இது பிழைப்பு என்பதையும் தாண்டிப் போனது. சோதனைச் சாவடியில் இறக்கி அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டு பெயரைக் கேட்பார்கள். உடனே சொல்ல வேண்டும். சொந்தப் பெயரைச் சொல்லத் தயங்குகிறவனை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் மாலை என்னைத் தனியாக ஒதுக்கி நிறுத்தினார்கள். துவக்கு நெஞ்சுக்கு நேரே. பெயர் வரவில்லை. விரலால் தொடையில் தட்டினேன், மாமாவின் தாளம். மூச்சை இறக்கினேன். பெயர் வந்தது. இப்போதும் திக்கு முற்றாகப் போகவில்லை, டெலிபோனில் வரும், இரவில் களைத்தால் வரும். ஆனால் அன்றைக்கு வேண்டிய நேரத்தில் குரல் வந்ததற்குக் காரணம், பத்து வயதில் என்னை ஒரு சபைக்கு நடுவில் பேச விட்டார்கள் என்பதுதான். "நீ வாயை மட்டும் அசை" என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

1978 நவம்பர் 23-ல் சூறாவளி அடித்தது. மாமாவின் வீட்டுக் கூரையோடு கூத்துக் கொப்பிகள் எல்லாம் போயின. அடுத்த மாதமே அவர் திண்ணையில் இருந்து சொல்லச் சொல்ல, மூன்று கூத்தை நான் புதிய கொப்பிகளில் எழுதினேன். ஒவ்வொரு தருவையும், அதாவது கூத்துப் பாட்டையும், பாடித்தான் சொன்னார். பாடாமல் சொன்னால் வராது என்றார். வாயால் பழகிய பிள்ளையிடம் நாடகம் இருக்கும், பென்ட்ரைவ் தொலைந்தாலும் இருக்கும். 1960-களில் பேராசிரியர் வித்தியானந்தன் நம்முடைய கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு போனபோது, மட்டக்களப்பு அண்ணாவிமாரை அழைத்துத்தான் மாணவருக்குப் பழக்கினார். குரல்தான் நம்முடைய முதுசம் என்று வெளியில் இருந்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

இனி உங்கள் காரணங்கள். சிவாஜியும் வாயசைத்தவர்தானே என்று ஒத்திகையில் உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். பாட்டுக்கு அசைத்தார். குரல் பெரும்பாலும் டி. எம். சௌந்தரராஜனுடையது. தில்லானா மோகனாம்பாளில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அதை யாரும் மறைக்கவில்லை. பாட முடியாத இடத்தில் பாடகரின் குரல், வாசிக்க முடியாத இடத்தில் வித்துவானின் வாசிப்பு. அங்கேயும் கழுத்து நரம்பும் விரலும் பொய் சொல்லாதபடி உழைத்தார். ஆனால் வசனம் அவருடையது. நம் பிள்ளைகளிடமிருந்து நீங்கள் எடுப்பது அந்த வசனத்தை.

மைக் இரைச்சல் உண்மை. போன வருடம் நானும் முன்வரிசையில் இருந்து காதைப் பொத்தினேன். சவுண்ட் பெட்டிகளை மேடைக்குப் பின்னால் வைத்து, அவற்றின் முகத்துக்கு நேரே மைக்கைப் பிடித்தால் கூவத்தான் செய்யும். பெட்டிகளை மேடைக்கு முன்னால், சனத்தைப் பார்க்க வையுங்கள். ஒரு கையில் மைக்கைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் நடிக்கத் தேவையில்லை. மேலே மூன்று மைக் தொங்கவிட்டால் போதும். நாடகம் நடக்கும் நேரம் கடைகளின் பாட்டையும் ஐஸ்கிறீம் வானின் பாட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். கோயில் சடங்கு நேரம் அவர்கள் நிறுத்துகிறார்கள், கேட்டால் இதற்கும் நிறுத்துவார்கள்.

நேரம் போதாது என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான். பரிசளிப்புக்கு முன் போன வருடம் ஏழு பேர் உரையாற்றினார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீடியோ காரணம்தான் எனக்குப் பெரிய வருத்தம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பார்ப்பதற்குக் குரல் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். அவர்கள் தங்கள் தங்கச்சியின், மருமகனின் குரலைக் கேட்கத்தான் அந்த வீடியோவைத் திறக்கிறார்கள். வேறு பிள்ளையின் குரல் எவ்வளவு தெளிவாக இருந்து என்ன?

அந்தக் காவலன் வேடத்தையே எடுத்துப் பாருங்கள். அவன் யார்? சிலம்போடும் கண்ணீரோடும் கோபத்தோடும் வாசலில் நிற்கும் ஒருத்தியைக் கண்டு, இவள் கொற்றவையா காளியா என்று பதறி, அரசனிடம் ஓடி வந்து சொல்கிறவன். அந்தக் காவலனுக்கு நா தடக்கினால் அது பிழையா? வைகாசியில் நம்முடைய கண்ணகி அம்மன் கோயிலில் வழக்குரை படிக்கும்போது நாம் எல்லோரும் கைகட்டி நின்று கேட்பது, தனி ஒருத்தி அரசவையில் வாய் திறந்து பேசியதைத்தான். அந்தக் கதையில் ஒரு பிள்ளையின் வாயை மூடி வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஒலிப்பதிவு வசனம் கட்டாயம் என்ற விதியை நீக்கி, வாசிகசாலைச் சுவரிலேயே புதிய அறிவித்தல் ஒட்டுங்கள். பின்னணி இசைக்கும் மழை, இடி போன்ற சத்தங்களுக்கும் பென்ட்ரைவ் இருக்கட்டும். பேச்சு பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும்.

காவலனின் நாலு வசனத்தையும் அந்தப் பிள்ளையே பேச வேண்டும். அவனுடைய குரலுக்குப் பதிலாகப் பேசிய பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல குரல். அவனுக்கு ஒரு வேடம் கொடுங்கள். திக்கியதற்காகப் புள்ளி குறைக்கக் கூடாது என்றும், திக்கும் பிள்ளை இருக்கும் நாடகத்துக்கு நேரக் கணக்கில் இரண்டு நிமிடம் விட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் நடுவர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

ஒத்திகையில் யாரும் அவனுடைய சொல்லை முந்திக்கொண்டு சொல்லிக் கொடுக்க வேண்டாம். அவன் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். அவனுக்கான சிகிச்சையைப் பெற்றோர் பார்த்துக்கொள்கிறார்கள், அது நம்முடைய வேலை அல்ல. காத்திருப்பது நம்முடைய வேலை.

மூன்று மைக்குக்கான வாடகை குழுவிடம் இல்லையென்றால் நான் தருகிறேன். விழா முடியும்வரை செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நாலு மணிக்கு வாவிக்கரைக்கு வந்து, பேசப் பழக விரும்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் குரல் பழக்கவும் தயார். மாமாவின் மத்தளம் என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு உங்கள் அனுமதி வேண்டும்.

அடுத்த ஒத்திகை வருகிற சனிக்கிழமை. அதற்கு முன் வெள்ளிக்கிழமை மாலைக்குள் உங்கள் முடிவை எனக்கு எழுத்தில் தாருங்கள். அந்தப் பிள்ளையின் தாயிடமும் உங்களில் ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பஸ் நடத்துனர் ஒருவர்,
மட்டக்களப்பு.